கைபடாத குத்துச்சண்டை

செவ்வாய்க் குடியேற்றத்தில் குத்துச்சண்டை பார்க்கப் போகிறவர்கள் ஆளுக்கொரு பால் பாக்கெட்டோடு போவார்கள், தங்கள் வீராங்கனையின் கட்அவுட்டுக்கு ஊற்ற. மாடே இல்லாத கிரகம். பாசியிலிருந்து எடுத்த பால்தான். மேடையில் யாரும் யாரையும் அடிக்க மாட்டார்கள். அடித்துக்கொள்வதெல்லாம் அமெச்சூர் ஆட்களின் வேலை. தொழில்முறைப் போட்டியில் இருவரும் 'முன்கணிப்பி' முன்னால் போய் நிற்பார்கள். அது எலும்பு, தசை, மூச்சு எல்லாவற்றையும் அளந்து, மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று திரையில் ஓட்டிக் காட்டிவிடும். காப்பீட்டுக்காரர்களுக்கும் நிம்மதி.

ஜெனோவாவுக்குத்தான் நிம்மதி இல்லை. அமெச்சூரில் நிஜமாகவே குத்தி வாங்கிய பதக்கங்கள் வீடு நிறையக் கிடந்தன. புரொபஷனல் ஆன பிறகும் வரிசையாக ஜெயித்தாள், ஒரு குத்துகூட விடாமல். கை சும்மா இருக்குமா? வீட்டில் சப்பாத்தி மாவு அவளிடம் மாட்டிக்கொண்டு படாத பாடு பட்டது.

இறுதிப் போட்டியில் எதிரே பர்வீன், எட்டு வருஷமாக சாம்பியன். முன்கணிப்பி மூன்றாம் சுற்றில் ஜெனோவாவைச் சாய்த்துவிட்டது. தான் விழுவதைத் தானே நின்று பார்த்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடி வாங்காமலே தோற்பதாவது! ரசிகர்கள் கூச்சலோடு வெளியே ஓட, அரங்கம் காலியானது.

"அக்கா, நிஜமாவே ஒரு மூணு ரவுண்டு போட்டுப் பாக்கலாமா?" என்று ஜெனோவா மெதுவாகக் கேட்டாள்.

பர்வீன் அப்போதே கையுறையை மாட்ட ஆரம்பித்துவிட்டாள். "எட்டு வருஷமா யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருந்தேன். வா கண்ணு."

அடடா, என்ன சண்டை அது! பர்வீனின் முதல் குத்திலேயே ஜெனோவாவுக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு. திருப்பிக் கொடுத்தாள், வாங்கினாள், மறுபடியும் கொடுத்தாள். மூன்றாம் சுற்றில் சாய்ந்தது பர்வீன்தான். மல்லாந்து கிடந்தபடியே, விழுவதுகூட இவ்வளவு நன்றாக இருக்குமா என்று கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். முன்கணிப்பி சொன்னது தப்பு என்று ஊருக்கே சொல்லிவிட, இருவரும் தோளில் கை போட்டபடி வெளியே வந்தார்கள்.

வெளியே இரண்டு ரசிகர் மன்றமும், திரையில் விழுந்த அந்தக் கடைசிக் குத்து செல்லுமா செல்லாதா என்று நாற்காலியைத் தூக்கி ஒருவரையொருவர் வெளுத்துக்கொண்டிருந்தன. ஜெனோவா நடுவில் புகுந்து, நிஜத்தில் ஜெயித்தது தான்தான் என்று தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்தாள். அவள் படம் போட்ட பனியனும் கிழிந்த உதடுமாக ஒருவர் திரும்பினார். ஆளை அடையாளம் தெரிந்ததும் அவர் முகமெல்லாம் பூரிப்பு. பதவிசாக அவளை ஓரத்துக்கு நகர்த்திவிட்டு, நாற்காலியை மறுபடி ஓங்கினார்.

"நீங்க தள்ளி நில்லுங்க மேடம். அடி கிடி பட்டுடப் போகுது."