புகலிட அறைக்கு ஒரு சன்னல்

ரக்‌ஷனா திறந்து வைத்துவிட்டுப் போன அட்டைக் கதவு மூடியிருந்தது.

கட்டடக்கலை படிக்க வந்து அவள் வடிவமைத்த முதல் வீடு. லிட்டில் இந்தியாவின் ஒடுங்கிய மனை ஒன்றுக்காக வெள்ளை அட்டையில் செய்த மாதிரி. நான்கு மணிக்குத் தேர்வாளர்கள் வருவார்கள். இதில் தோற்றால் ஒரு வருடம் போய்விடும். ஞாயிறு மதியம், ஸ்டூடியோவில் வேறு யாருமில்லை. கீழே சிராங்கூன் சாலையின் கூட்டமும் மல்லிகையும் பிரியாணியும் மூடிய கண்ணாடியைத் தாண்டி மேலே வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே, மாதிரிக்குள்ளிருந்து, நகத்தால் அட்டையைச் சுரண்டுவதுபோல் ஒரு சத்தம்.

கரப்பான் என்று நினைத்தாள். எரிச்சலாக வந்தது. கதவை நெம்பினாள், அசையவில்லை.

அது புகலிட அறையின் கதவு. குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள, இந்த ஊர்ச் சட்டப்படி, புது வீடென்றால் அந்த அறை இருந்தே ஆகவேண்டும். தடித்த சுவர், இரும்புக் கதவு, சன்னல் கிடையாது. பணிப்பெண்ணுக்கென்று கிழக்கே சன்னல் வைத்துத் தனி அறை ஒன்றை ரக்‌ஷனா முதலில் வரைந்திருந்தாள். ஆசிரியர் மேக்ஸ்வெல் அதை அடித்துவிட்டார்.

“ஹெல்பர் ஷெல்டர்ல படுத்துப்பாங்க லா. எல்லா வீட்லயும் அப்படித்தானே? இந்த ரூம்ல பியானோ வை.”

“காத்தே வராது சார். ஒரு சன்னலாவது?”

“ஷெல்டர் சுவத்துல ஓட்டை போட்டா ஃபெயில். மார்க் வேணுமா, வேணாமா?”

வேண்டும் என்றுதான் அவளும் பியானோ வைத்தாள். அவர்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம் பெரிது. பாசிர் ரிஸ்ஸில் அவள் வீட்டுப் பணிப்பெண் மூன்று வருடமாக அப்படி ஓர் அறையில்தான் தூங்குகிறாள். புழுங்குகிறதா என்று ஒருநாள்கூட இவள் கேட்டதில்லை.

சுரண்டல் தட்டலானது. மூன்று தட்டு. இடைவெளி. மறுபடி மூன்று. கரப்பான் எண்ணித் தட்டாது. குனிந்து காது வைத்தாள். கதவிடுக்கிலிருந்து வெதுவெதுப்பாக மூச்சு பட்டது. வியர்வை வாசனை.

படியில் காலடிகள். மேக்ஸ்வெல்லின் சிரிப்பு. தேர்வாளர்கள்.

நாசமாய்ப் போகட்டும் மார்க். கத்தியை எடுத்தாள். புகலிட அறையின் சுவரில், ஆத்திரம் தீருமட்டும் ஓங்கிக் குத்தி அறுத்தாள். ஒரு பக்கம். இரண்டு. மூன்றாவதில் கத்தி மெத்தென்ற எதிலோ இறங்கியது.

தட்டல் நின்றது.

வெட்டிய சன்னலின் விளிம்பை, அரிசி மணி அளவில், நான்கு விரல்கள் பற்றியிருந்தன. வெள்ளை அட்டையில் சிவப்பு ஊறிப் பரவியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல்கள் ஒவ்வொன்றாகப் பிடி விட்டன.