காசம்மாள் சொல்லாத பேர்

சண்டையில் செத்தவர்களின் பேர் வெட்டிய கல்லை மூடியிருந்த துணியைக் காலையில்தான் எடுத்தார்கள். கொம்பு ஊதினார்கள். ஊரை ஆண்ட தொப்பிக்காரப் பிரெஞ்சுத் துரைகள் நீளமாகப் பேசிவிட்டுப் போனார்கள். வெயில் ஏறியதும் பாகூர் கடைத்தெரு ஓய்ந்துவிட்டது.

பத்து வயது கஸ்தூரி அந்த வழியாக வந்தபோது, காசம்மாள் அத்தை மட்டும் கல்லருகே நின்றாள். முந்தானையில் ஒரு முழம் பூ. பிரான்சு தேசத்துச் சண்டைக்குப் போன அவள் புருஷன் திரும்பவே இல்லை. உடம்பும் வரவில்லை. வந்தது கல்லில் வெட்டிய பேர் மட்டும்தான்.

"நீ பிரெஞ்சு படிக்கிற புள்ளதான? அவரு பேரு எதுன்னு காட்டுடி. பூ வெக்கணும்."

"அவரு பேரு இன்னா அத்தே?"

அத்தை நாக்கைக் கடித்துக்கொண்டாள். புருஷன் பேரை வாயால் சொல்லும் வழக்கம் அந்த ஊரில் எந்தப் பெண்ணுக்கும் இல்லை. பேசாமல் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாள்.

"கண்ணா?"

"ம். எல்லையில குதிர மேல இருக்கிற சாமி யாரு?"

"ஐயனாரு. அப்போ கண்ணையனாரா?"

"கடைசி 'ஆரு'வ வுட்டுடு."

"கண்ணையன்."

அத்தை வெட்கத்தோடு தலையைக் குனிந்தாள்.

விடுகதை முடிந்தது, வேலை முடியவில்லை. கல்லில் ஒன்பது பேர்கள். 'க'வில் தொடங்கும் பேர் என்றால் 'கா' என்கிற பிரெஞ்சு எழுத்து இருக்க வேண்டும். கஸ்தூரி மேலிருந்து கீழே மூன்று முறை தேடினாள். அந்த எழுத்து எங்குமே இல்லை.

"இல்லியா?" அத்தை பூவை மறுபடியும் முந்தானைக்குள் சுருட்டினாள். "மறந்துட்டாங்களா?"

கஸ்தூரிக்கு அழுகை முட்டியது. அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் தன் பேரை எப்படி எழுதுவார்கள் என்பது நினைவுக்கு வந்தது. அதில் 'கா' கிடையாது. பிறைபோல வளைந்த 'ஸே'தான் முதல் எழுத்து. "நான் ஸஸ்தூரியா?" என்று கேட்டு வகுப்பையே சிரிக்கவைத்தவள் ஆயிற்றே அவள். எழுத்தின் பேர்தான் 'ஸே'; பேரைப் படிக்கும்போது அது 'க' என்று ஒலிக்கும்.

ஐந்தாவது வரியில் பிறை இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தாள். கண்ணையன்.

அவளுக்கு மேனி சிலிர்த்தது. முகம்கூடப் பார்த்திராத அந்த மனிதரும் அவளும் ஒரே எழுத்தில் தொடங்குகிறார்கள். கடலுக்கு அப்பால் எங்கோ மண்ணாகிப் போனவர், இந்த வெயிலில், இந்தக் கல்லில், அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தார்.

பூவை வைத்த பிறகும் அத்தை நகரவில்லை. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

கஸ்தூரி அவள் விரலைப் பிடித்துப் பிறையின்மேல் வைத்தாள்.

"வாயாலதான சொல்லக் கூடாது அத்தே? விரலால சொல்லு."

காசம்மாளின் விரல் அந்த வளைவில் தொடங்கியது. ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக, கடைசிவரை போனது. பிறகு அவள் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.