சல்லடையில் விழுந்த ‘இல்லை’

சங்குமணல் பேருந்து நிலையத்தின் அவைப்பலகைக்கு முன்னால் காலை ஏழு மணிக்கே ஆள் சேர்ந்துவிடும். பலகை என்று பெயரே தவிர, அதற்குக் காதும் வாயும் உண்டு. “நம்மாளு நேத்து வந்தாராய்யா?” என்று யாரேனும் கேட்டால், உறுப்பினர் ஆவுடைநாயகம் முந்தைய நாள் அவையில் எத்தனை மணி நேரம் இருந்தார், என்னென்ன கேள்விகள் கேட்டார், எந்தத் திருத்தத்துக்கு எதிராக வாக்களித்தார் என்று நிதானமாகச் சொல்லும். நாடாளுமன்றத்தில் விழும் ஒவ்வொரு வாக்கும் நான்கே நிமிடத்தில் தொகுதிக்கு வந்து சேரவேண்டும் என்பது சட்டம். தேநீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு தங்கம் விலை பார்ப்பதுபோல் மக்கள் தங்கள் உறுப்பினரைப் பார்த்தார்கள்.

பலகையில் நான்கு நிறங்கள். ‘ஆம்’ என்று வாக்களித்தால் பச்சை, ‘இல்லை’ என்றால் சிவப்பு, அவைக்கு வராவிட்டால் மஞ்சள். நான்காவது வெள்ளை. பலகையில் மிக நீளமான பட்டையும் அதுவே; அதற்குள் எதுவும் எழுதப்பட்டிராது. ஏனெனில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுபவை. அவைத்தலைவர், “ஆதரிப்போர் ‘ஆம்’ என்க, எதிர்ப்போர் ‘இல்லை’ என்க” என்பார். இரண்டு இரைச்சல்கள் எழும். எது பெரிதென்று அவர் காதுக்குப் படுகிறதோ அது வென்றதாக அறிவிப்பார். யார் என்ன சொன்னார் என்று எந்த ஏட்டிலும் ஏறாது. “பிரிவு வேண்டும்” என்று ஓர் உறுப்பினர் எழுந்து கேட்டால் மட்டுமே தலைகள் எண்ணப்படும்.

அந்த வெள்ளைப் பட்டையைப் பற்றி நெடுங்காலம் யாரும் கவலைப்படவில்லை. உப்பள நில மாற்று மசோதா பதினோரு நொடியில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியபோதுதான் கவலை வந்தது. சங்குமணலின் உப்புப் பாத்திகள் ஓராண்டுக்குள் வேறு தொழிலுக்குக் கைமாற இருந்தன. ஊர் திரும்பிய ஆவுடைநாயகம் ரயில் நிலையத்திலேயே கையை உயர்த்தி, தாம் ‘இல்லை’ என்று சொன்னதாகச் சத்தியம் செய்தார். பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர் பலகையின் முன் போய் நின்று, அவர் சொன்னாரா என்று அதனிடம் கேட்டார்கள். “தகவல் இல்லை” என்றது பலகை.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் குரற்சல்லடை வந்தது.

பலர் ஒன்றாக எழுப்பும் இரைச்சலை வாங்கி, அதை ஒவ்வொரு தொண்டையாகப் பிரித்துக் கொடுக்கும் கருவி அது. மனிதரின் மிடற்றின் நீளம், பல்லின் இடைவெளி, நாக்கின் கனம் ஆகிய மூன்றும் சேர்ந்து குரலுக்கு ஒரு வடிவத்தைக் கொடுக்கின்றன. இதற்கு மிடற்றுரு என்று பெயரிட்டிருந்தார்கள். ஒருவர் ஏற்கெனவே பேசிய பேச்சு கைவசம் இருந்தால் போதும். ஆயிரம் பேர் கத்தினாலும் அவருடைய குரலை மட்டும் சல்லடை தனியே எடுத்து வைத்துவிடும். உறுப்பினர்களின் பேச்சுகளோ ஆண்டுக்கணக்கில் சேமிப்பில் இருந்தன.

பலகையை நடத்தும் சங்குமணல் அவைக்கண் நிலையத்தின் பொறுப்பாளர் ஜெசிந்தா. முப்பத்தொன்பது வயது; ஆவுடைநாயகத்தின் பன்னிரண்டு ஆண்டுப் பதிவுகளையும் பலகைக்கு ஏற்றியவர் அவர்தான். சல்லடை வந்த மூன்றாம் நாள் ஆவுடைநாயகமே நிலையத்துக்கு வந்தார். உப்பளத் தொழிலாளர் சங்கத் தலைவி பாக்கியத்தாய் அவரை மீட்டழைக்கக் கோரி மனுக் கொடுத்திருந்தார். வரும் ஞாயிறன்று தொகுதிப் பேரவை கூடி ‘ஆம்’ என்றால் அவருடைய பதவி போய்விடும். எனவே சல்லடை தம்மைக் காப்பாற்றும் என்று அவர் உறுதியாக நம்பி வந்திருந்தார்.

“போட்டுப் பாரு தாயி. நான் சொன்னேனா இல்லையான்னு இன்னைக்கு ஊருக்குத் தெரியட்டும்” என்றார்.

ஜெசிந்தா பதினோரு நொடி ஒலிப்பதிவைக் கருவிக்குள் செலுத்தினார். கண்ணாடித் திரையில் எண்கள் ஒவ்வொன்றாக நின்றன. அன்று அவையில் இருந்தவர் முந்நூற்று எண்பத்தெட்டுப் பேர். ‘ஆம்’ என்றவர் தொண்ணூற்றேழு பேர். ‘இல்லை’ என்றவர் நூற்றுப் பன்னிரண்டு பேர். வாயே திறக்காதவர் நூற்று எழுபத்தொன்பது பேர்.

ஜெசிந்தா மறுபடியும் கூட்டிப் பார்த்தார். மசோதா தோற்றிருக்க வேண்டியது. தொண்ணூற்றேழு பேர் வயிற்றிலிருந்து கத்தியிருந்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு பேர் உதட்டளவில் சொல்லியிருந்தார்கள். ஒருவரும் எழுந்து பிரிவு கேட்கவில்லை.

ஆவுடைநாயகத்தின் ‘இல்லை’யும் அங்கே இருந்தது. அதை மட்டும் தனியே எடுத்து ஒலிக்கச் செய்தபோது இருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஒலியை ஐந்து மடங்கு கூட்டிய பிறகுதான், காகிதம் புரள்வது போன்ற ஓசைக்குள் அந்தச் சொல் இருப்பது தெரிந்தது.

“நான் நல்லா சத்தமாச் சொன்னதா நெனச்சேனே” என்றார் அவர். அவர் பொய் சொல்லவில்லை என்பது ஜெசிந்தாவுக்குப் புரிந்தது. தம் தலைக்குள் ஒலித்ததை அவர் அவைக்குள் ஒலித்ததாக எண்ணிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை பத்து மணிக்குத் தொகுதிப் பேரவை கூடியது. குலுக்கலில் தேர்வான ஆயிரத்து இருநூறு வாக்காளர்கள். உறுப்பினரும் தொகுதியின் வாக்காளர் என்பதால் அவரோடு ஆயிரத்து இருநூற்றொன்று. மேடையில் ஜெசிந்தா சல்லடையின் முடிவைப் படித்தார். அடுத்து ஆவுடைநாயகம், தாம் ‘இல்லை’ என்று சொன்னது இப்போது நிரூபணமாகிவிட்டது என்றார்.

பாக்கியத்தாய் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ஒரு கதை சொன்னார். “ஒரு காட்டுல ஒரு முயலு இருந்துச்சு. தெனமும் அதோட பிள்ளயள சிங்கம் தின்னுச்சு. சொந்தக்காரங்க எல்லாம் முயலத் திட்டுனாங்க, நீ போயி நியாயம் கேளுன்னு. முயலு போச்சு, வந்துச்சு. கேட்டுட்டேன்னு சொல்லுச்சு. மறுநாளும் சிங்கம் வந்து தின்னுட்டுப் போச்சு. ஏட்டி, கேட்டேன்னியேன்னா, கேட்டேன், சத்தியமாக் கேட்டேன், சிங்கம் தூங்கும்போது கேட்டேன்னு சொல்லுச்சாம்.”

கூட்டம் சிரித்தது. ஆவுடைநாயகமும் சிரிக்க முயன்று விட்டுவிட்டார்.

பேரவைத் தலைவர் தீர்மானத்தை வாக்குக்கு விட்டார். நேரம் மிச்சமாகும் என்பதற்காகப் பேரவையிலும் குரல் வாக்கெடுப்பே வழக்கம். உறுப்பினரை மீட்டழைக்க ஆதரவளிப்போர் யார் என்றதும் பந்தல் அதிர ஓர் ‘ஆம்’ எழுந்தது. எதிர்ப்போர் யார் என்றதும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில குரல்கள். “தீர்மானம் ஏகமனதாக…” என்று தலைவர் தொடங்கும்போது ஆவுடைநாயகம் எழுந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் அவை விதிகளைப் படித்தவர் அவர். தமக்கு எதிராக வந்த குரல்களையும் சல்லடையில் இடவேண்டும் என்று கேட்டார். மறுப்பதற்கு விதி எதுவும் இல்லை.

“எங்க தொண்ட இந்த மெசினுக்கு எப்படித் தெரியும்?” என்று முன்வரிசையில் இருந்த படகுப் பழுதுபார்ப்பவர் அருளப்பன் கேட்டார்.

ஜெசிந்தா சற்றுத் தயங்கினார். “நீங்கதான அண்ணே தெனமும் காலைல பலகைகிட்ட வந்து கேக்குறிய, நம்மாளு வந்தாரா, என்ன கேட்டாருன்னு. எல்லாக் குரலும் பேரோட பலகைல இருக்கு.”

பந்தலில் ஒரு முணுமுணுப்பு ஓடி அடங்கியது. கண்காணித்துக்கொண்டிருந்த இத்தனை ஆண்டுகளும் தாங்களும் கேட்கப்பட்டுக்கொண்டிருந்தோம் என்பது அவர்களுக்குப் புதுச் செய்தி.

திரையில் எண்கள் நின்றன. ‘ஆம்’ நூற்று அறுபத்துநான்கு. ‘இல்லை’ இருபத்துமூன்று. வாய் திறக்காதவர் ஆயிரத்துப் பதினான்கு.

பக்கத்தில் இருந்தவரைப் பார்க்காமல் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அருளப்பன் மட்டும், தான் கத்தியதாகத்தான் நினைவு என்று யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

தீர்மானம் செல்லும், விதிப்படி ‘ஆம்’ அதிகம். ஆனால் பாக்கியத்தாய் அதை ஏற்கவில்லை. நாடாளுமன்றத்தில் நடந்த எதைக் குற்றம் என்று மனுவில் எழுதினோமோ அதே முறையில் ஒருவரை வெளியேற்றக் கூடாது என்றார். ஒவ்வொருவரும் ஒலிவாங்கி முன்வந்து, தம் பெயரையும் சொல்லி ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று சொல்லட்டும். ஒருவருக்குப் பன்னிரண்டு நொடி என்றாலும் நான்கு மணி நேரம் ஆகும். ஆகட்டும் என்றார்.

வரிசை உப்பு மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கி வரை நீண்டது. ஒலிவாங்கிக்கு நேர் எதிரே ஆவுடைநாயகம் அமர்ந்திருந்தார். சொல்லுகிறவர் அவர் முகத்தைப் பார்த்தே சொல்லவேண்டியிருந்தது. ஒரு பெண், வெளிநாட்டுச் சிறையிலிருந்த தன் மருமகனை இவர்தான் கூட்டிவந்தார் என்று சொல்லிவிட்டு ‘இல்லை’ என்றாள். ஒருவர், தம் ஊரில் ரயில் நிற்பது இவரால்தான் என்றார். காரணம் சொல்லாதவர்கள்கூட, வாய் திறக்காத ஆயிரத்துப் பதினான்கு பேரில் தாமும் இருந்ததை எண்ணியவர்கள்போல் மெல்லிய குரலில் ‘இல்லை’ என்றார்கள். தாங்கள் செய்யாததை அவர் செய்யவில்லை என்று எப்படிக் கோபப்படுவது? அறுநூற்று முப்பத்தொன்பது பேர் முடிந்தபோது ‘ஆம்’ இருநூற்றுப் பத்து. ‘இல்லை’ நானூற்று இருபத்தொன்பது. அவருடைய பதவி ஏறத்தாழ மீண்டுவிட்டது.

அறுநூற்று நாற்பதாவது வரிசைச் சீட்டு ஆவுடைநாயகத்தினுடையது.

அவர் எழுந்து வந்தார். இந்த முறை யாரும் காகிதம் புரண்டது என்று சொல்லிவிடக் கூடாது என்று எண்ணினார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

“ஆவுடைநாயகம். இல்லை.”

ஒலிவாங்கி கீச்சிட்டது. பந்தல் தகரத்தில் அமர்ந்திருந்த காகங்கள் எழுந்து பறந்தன. கிட்டங்கியின் சுவரில் மோதி அந்தச் சொல் திரும்பி வந்தது. வரிசையின் கடைசியில் நின்றவர்கள், பாத்திகளின் ஓரம்வரை போய் நின்றவர்கள்கூட, அதைத் தெளிவாகக் கேட்டார்கள். அதை அளக்க எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

பாக்கியத்தாய் மெதுவாகக் கேட்டார்.

“இம்புட்டுத் தொண்ட இருந்துச்சா அண்ணாச்சி ஒங்களுக்கு?”

அந்தக் கேள்வியில் கேலி இல்லை. உண்மையாகவே அறிய விரும்பியவர்போல்தான் கேட்டார். ஆவுடைநாயகம் இருக்கைக்குத் திரும்பினார். தாம் என்ன செய்துவிட்டோம் என்பது நடந்து போகும்போதுதான் அவருக்குப் புரிந்திருக்கவேண்டும். இடையில் ஒருமுறை நின்றார்.

அறுநூற்று நாற்பத்தோராவது ஆள் ஒரு வயதான உப்பளத் தொழிலாளி. உள்ளங்கால் வெடிப்புகளில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. ‘இல்லை’ என்று சொல்லத்தான் போவதாக வரிசையில் முன்னும் பின்னும் நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டு வந்தவர். அவர் ஆவுடைநாயகத்தை ஒரு கணம் பார்த்தார்.

“பேரு ஒச்சாத்தேவன். ஆமா” என்றார்.

அதன் பின் வரிசை வேறாகிவிட்டது. பிற்பகல் இரண்டரை மணிக்கு முடிவு வந்தது: ‘ஆம்’ அறுநூற்று இருபத்தைந்து, ‘இல்லை’ ஐந்நூற்று எழுபத்தாறு. ஆவுடைநாயகம் தாளில் கையொப்பமிட்டுவிட்டு ஜெசிந்தாவிடம் வந்தார். அன்றைக்கு அவையில் இப்படிச் சொல்லியிருந்தால், உதட்டுக்குள் சொன்ன மற்ற நூற்றுப் பதினோரு பேரும் சத்தமாகச் சொல்லியிருப்பார்களா என்று சல்லடையால் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டார்.

“சொன்னதத்தான் அண்ணாச்சி அது பிரிக்கும்” என்றார் ஜெசிந்தா.

அவர் தலையசைத்துவிட்டு, பந்தலுக்கு வெளியே வெயிலில் நடந்தார்.

விதி நான்கு நிமிடம். ஜெசிந்தா அன்றைய பதிவுகள் இரண்டையும் அவைப்பலகைக்கு ஏற்றினார்: வரிசையில் யார் யார் என்ன சொன்னார்கள் என்பது ஒன்று, அதற்கு முன்பு குரல் வாக்கெடுப்பில் யார் யார் வாய் திறக்கவில்லை என்பது மற்றொன்று. ஆயிரத்துப் பதினான்கு பெயர்களும் ஊர்வாரியாக, அகர வரிசையில் இருந்தன.

செவ்வாய்க்கிழமை தபாலில் நிலையத்துக்கு ஒரு மனு வந்தது. நல்ல தாளில், அழகாக அச்சிட்டிருந்தார்கள். மக்கள் பிரதிநிதிகளைக் கண்காணிப்பது மக்களின் உரிமை என்றும், குரற்சல்லடை அதற்குக் கிடைத்த அரிய கருவி என்றும், அதை எல்லா வாக்கெடுப்புகளிலும் தவறாமல் பயன்படுத்தவேண்டும் என்றும் மனு தொடங்கியது. ஆனால் பொதுமக்கள்மீது இனி எக்காலத்திலும் அதைத் திருப்பக் கூடாது. பலகையில் சேர்ந்துள்ள தங்கள் மிடற்றுருக்கள் அனைத்தையும் உடனே அழித்துவிட வேண்டும். இதில் சமரசத்துக்கு இடமில்லை. இதைத் தாங்கள் அஞ்சாமல் உரக்கச் சொல்வதாகவும் எழுதியிருந்தது.

ஜெசிந்தா பதிவேட்டில் ஏற்றுவதற்காக அனுப்பியவரின் பெயரைத் தேடினார். கடைசி வரியில், ‘இப்படிக்கு, சங்குமணல் தொகுதிப் பொதுமக்கள்’ என்று இருந்தது. அதன் கீழே கையொப்பம் எதுவும் இல்லை. பின்புறம் இருக்கலாம் என்று தாளைத் திருப்பினார். அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது.