மீனவர் வீட்டில் அவித்த முட்டை

"அண்ணாச்சி, தஸ்லிமாவை நீங்கதான் காப்பாத்தணும்!" என்றபடி கல்லூரி நூலகத்துக்குள் ஓடி வந்தாள் நித்யா. பின்னால் அவள் தோழி தஸ்லிமா, அழுது சிவந்த கண்களுடன்.

துணை நூலகர் இன்பமணி புத்தகத்தை மூடினார். "பைய சொல்லும்மா."

பண்பாடுகளுக்கிடையேயான தகவல் தொடர்பு என்ற பாடத்துக்கு ஒரு களக்கட்டுரை. வேறு சமூகத்தார் வீட்டில் ஒரு பகல் தங்கி, பேச்சில்லாமல் புரிந்துகொண்டதை எழுத வேண்டும். மேலப்பாளையம் தஸ்லிமாவும் நெல்லை டவுன் காந்திமதிநாதனும் திருச்செந்தூர்ப் பக்கத்து மீனவர் வீடு ஒன்றைப் பற்றிக் கொடுத்த கட்டுரைகள், தேதியைத் தவிர, வரிக்கு வரி ஒன்று. அவன் ஒரு நாள் முந்திக் கொடுத்திருந்தான். வியாழக்கிழமை திருச்செந்தூர் போன பேருந்துச் சீட்டையும் இணைத்திருந்தான். அதற்கு முந்தைய ஞாயிறு மாமாவின் வேனில் போன தஸ்லிமாவிடம் சான்று எதுவும் இல்லை. நான்கு மணிக்குள் மதிப்பெண் பதிவாக வேண்டும். பூஜ்யம் விழுந்தால் அவளுக்குக் கிடைத்திருக்கும் முதுகலை இடம் போய்விடும்.

"அந்த வீட்டுக்கு ஒரு போன் போட்டா முடிஞ்சுதுல்லா?" என்றார் இன்பமணி.

"வீட்டாளுங்க பேரை வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன் சார். எல்லாரும் குடுத்ததுதான்," என்றாள் தஸ்லிமா.

"அவன் திருடுதான், இவ சத்தியத்தைக் காப்பாத்துதா!" என்று நித்யா தலையில் அடித்துக்கொண்டாள்.

இன்பமணி கட்டுரையில் ஒரு பத்தியை இரண்டு முறை படித்தார்:

"விடிந்து நெடுநேரமாகியும் ஒரு வள்ளமும் கடலில் இறங்கவில்லை. கடல் குளம்போல் கிடந்தது. வள்ளங்களின் நிழலில் நாய்கள் உறங்கின. மதியம் கோழிக்குழம்பு. நான் எதுவும் சொல்லாமலே எனக்கு மட்டும் இரண்டு முட்டை அவித்து வைத்தார்கள். வயிறாரச் சாப்பிட்டேன்."

"வாங்க, மேடத்தைப் பார்ப்போம்," என்று எழுந்தார்.

பேராசிரியை பூங்கோதை சென்ற மாதம்தான் கோயம்புத்தூரிலிருந்து வந்தவர். அவர் அறையில் காந்திமதிநாதன் நிமிர்ந்து நின்றான்.

"முட்டை நல்லா இருந்துதா தம்பி?" என்று கேட்டார் இன்பமணி.

"நல்லா இருந்துது சார்."

"ஏலே, கேண்டீன்ல பக்கத்துத் தட்டுல முட்டை வந்தாலே மேசை மாறி உக்காருவியே!" என்றாள் நித்யா.

"அங்கன வச்சாங்க, மரியாதைக்குச் சாப்பிட்டேன். நான் சைவம்னு சொன்னேன், அதான் கோழி வைக்கலை."

"சொல்லாமலே வச்சாங்கன்னுல்லா எழுதியிருக்கீரு வே."

இன்பமணி பேராசிரியையிடம் திரும்பினார்.

"மேடம், கோழியைத் தொடாம முட்டையை மட்டும் சாப்பிடுத விருந்தாளி யாரா இருக்கும்? ஓதி அறுக்காத கோழி தஸ்லிமாவுக்கு ஆகாது. முட்டைக்கு அந்தத் தடை கிடையாது. இவ தலைத்துணியைப் பார்த்ததுமே அந்த வீட்டம்மா புரிஞ்சுகிட்டாங்க. நீங்க கேட்ட பேச்சில்லாப் பேச்சு இதுதான்."

"ஆனால் பேருந்துச் சீட்டு?"

"சீட்டு நிஜம். வியாழக்கிழமை இவரு முருகனைப் பார்க்கப் போயிருப்பாரு. காத்து இல்லை, அலை இல்லை, ஆனா ஒரு வள்ளம்கூட இறங்கலைன்னா அது ஞாயித்துக்கிழமை. அந்தக் கரையில அன்னைக்கு மாதா கோயில் பூசைக்குப் போவாங்க, தொழிலுக்குப் போக மாட்டாங்க. மீன்காரங்க வீட்டுல கோழி கொதிக்கதும் அன்னைக்குத்தான். தேதியை மாத்தினவருக்குக் கரையை மாத்தத் தெரியலை."

காந்திமதிநாதன் தலை குனிந்தான். "லேப் கம்ப்யூட்டர்ல திறந்து கிடந்துது மேடம். எடுத்துட்டேன். தஸ்லிமா, மன்னிச்சிரு."

பூங்கோதை கணினியை இழுத்து வைத்துக்கொண்டார். அவன் பெயருக்கு நேரே பூஜ்யம். தஸ்லிமாவின் பெயருக்கு நேரே தொண்ணூற்றாறு. மணி மூன்று ஐம்பத்திரண்டுக்குத் திரையில் 'பதிவானது' என்று வந்தது. நித்யா போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு வெளியே எட்டிப் பார்த்தது.

தஸ்லிமா வீட்டு எண்ணை அழுத்தினாள்.

"உம்மா, நான் மேல படிக்கப் போறேன்!"

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று மறுமுனையில் எழுந்த குரல் அறை முழுவதும் கேட்டது.