இசக்கி அண்ணன் தலைக்கு ஒரு மூங்கில் தொப்பி

இசக்கிபாண்டியின் முழங்கையில் தோல் போயிருந்தது. முட்டியில் பேன்ட் கிழிந்திருந்தது. பைக்கின் கண்ணாடி உடைந்திருந்தது. ஹெல்மெட்டில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை.

அதுதான் பிரவீனாவுக்குப் பிடிக்கவில்லை.

“எங்க விழுந்த அண்ணா?”

“மண்ணூர்ப் பக்கம் பிள்ள. ரோட்டுல மணலு கெடந்துச்சு. சர்ருன்னு வழுக்கிட்டு. பின்னால வந்த லாரிக்காரன் நல்லவன், பிரேக் புடிச்சிட்டான்.”

“அப்போ ஹெல்மெட்டு எங்க இருந்துச்சு?”

இசக்கி பைக்கின் பெட்ரோல் டேங்கைப் பார்த்தான். ஹெல்மெட் அதன்மேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது.

“நல்லவேளை, டேங்குக்கு ஒண்ணும் ஆவல” என்றாள் பிரவீனா.

பிரவீனாவுக்குப் பதினொரு வயது. பிள்ளைப்பாக்கத்தில் அவர்கள் வீட்டு மாடி அறைகளில் வாடகைக்கு இருப்பவர்கள் எல்லாரும் ஒரகடம் கம்பெனிகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த இசக்கிபாண்டியும் அவன் நண்பன் ஆறுமுகநயினாரும் ஓர் அறையில் இருந்தார்கள்.

வீட்டின் முன்பக்கம் அம்மா கலைமணியின் ஃபேன்சி கடை. அப்பா சுப்பராயன் நிலம் வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவே உட்கார்ந்து விலை பேசுகிறவர். அந்த வீட்டில் ‘இன்னும் ஒரு தோசை’ என்றால்கூடப் பேரம் பேசித்தான் வாங்க வேண்டும்.

“தலையில போடாம இன்னாத்துக்கு அதைத் தூக்கிக்கினு போற?” என்று கேட்டாள் பிரவீனா.

“போடுவேம்லா! கம்பெனி கேட் வந்ததும் போட்டுக்கிடுவேன். போலீஸ் நிக்கிற முக்குலயும் போட்டுக்கிடுவேன்.”

“நடுவுல?”

“நடுவுல தலைக்குக் காத்து வேணும் பிள்ள. உள்ள அவிஞ்சு போகுது. ஒரே அரிப்பு. போதாக்குறைக்கு முடி வேற கொட்டுது. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல, பாத்துக்கிடு.”

வரும் ஒன்றாம் தேதியிலிருந்து இசக்கிக்கு நைட் ஷிஃப்ட். இருட்டு, கன்டெய்னர் லாரிகள், நடுவே காற்று வாங்கிக்கொண்டு போகும் ஒரு தலை. நினைத்துப் பார்க்கவே பிரவீனாவுக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் அவள் கெஞ்சவில்லை. அது அந்த வீட்டு வழக்கம் இல்லை.

“அண்ணா, ஒரு பேச்சு. ஹெல்மெட்டுக்கு உள்ள போட்டுக்க நான் ஒரு தொப்பி பின்னித் தரேன். அரிக்காது, வேவாது. அது புடிச்சுப் போச்சுன்னா, நீ இந்த வாசல்லேருந்தே ஹெல்மெட் போட்டுக்கினு கெளம்பணும்.”

இசக்கி சிரித்தான். “சரி. ஆனா ஒரு தடவை அரிச்சாலும் பேச்சு முடிஞ்சுது.”

“ஒரு தடவைலாம் கெடையாது. எனக்கு மூணு தடவை குடு.”

“ரெண்டு.”

“மூணு. தலை உன்னோடது, வேலை என்னோடது.”

கடைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. “மூணுன்னு முடிச்சுக்கோ தம்பி. அவ எறங்க மாட்டா.”

மூன்று என்று முடிந்தது.

பிரவீனா கொக்கி ஊசியால் பின்னும் குரோஷா பின்னலைப் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டவள். மொபைல் பை, சாவிக் கொத்துக்கு ஒரு ஆந்தை என்று நிறையப் பின்னியிருக்கிறாள். அம்மாவின் கடையில் இருந்த கம்பளி நூலை எடுத்தாள். இரண்டே நாளில் முதல் தொப்பி ரெடி.

இசக்கி அதைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் ஹெல்மெட்டை வைத்தான். அது இறங்கவே இல்லை. கோபுரத்தின்மேல் கலசம் மாதிரி உச்சியில் நின்றது. வாரும் மாட்டவில்லை.

“இட்லிக் கொப்பரைக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்கு பிள்ள!” என்று தொப்பியைக் கழற்றினான். நெற்றி முழுக்கச் சிவந்திருந்தது.

ஒரு தடவை போயிற்று.

அந்த வாரம் அம்மா சரக்கு எடுக்கப் பாரிமுனைக்குப் போனபோது பிரவீனாவும் கூடவே போனாள். வளையல், கிளிப், ரிப்பன் எல்லாம் எடுத்த பிறகு அம்மாவை ஒரு நூல் கடைக்குள் இழுத்தாள்.

கடைக்காரர் கை காட்டினார். “கம்பளி இருக்கு. பருத்தி இருக்கு. எது வேணும் பாப்பா?”

பிரவீனா அவசரப்படவில்லை. ஒவ்வொரு நூலாக எடுத்துக் கழுத்தில் தேய்த்துப் பார்த்தாள். கன்னம் எதையும் பொறுத்துக்கொள்ளும். கழுத்துதான் கோள்மூட்டி, உடனே சொல்லிவிடும். பிறகு அதே நூலைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இன்னா பண்ற பாப்பா?”

“கை எப்போ வேர்க்குதுன்னு பாக்கறேன் அங்கிள்.”

கம்பளி நூலில் கை உடனே பிசுபிசுத்தது. பருத்தி பரவாயில்லை. ஆனால் அந்தக் கடையில் இருந்தது தடிமனாக இருந்தது. ஹெல்மெட்டுக்குள் மெல்லியது அல்லவா வேண்டும்? ஓர் ஓரத்தில் பளபளவென்று நீல நிற உருண்டை ஒன்று கிடந்தது. எடுத்துக் கழுத்தில் வைத்தாள். சில்லென்று இருந்தது. கைக்குள் எவ்வளவு நேரம் இறுக்கினாலும் வேர்க்கவில்லை.

“இது இன்னா நூலு?”

“மூங்கில் நூலு.”

“மூங்கிலா? குத்தாதா?”

“கழியா இருந்தா குத்தும். கூழாக்கி நூலாக்கிட்டா பட்டு மாதிரி. நம்ம வெயிலுக்கு இதான் ராஜா.”

அம்மா பிரவீனாவைக் கண்ணாலேயே எச்சரித்தாள். பிடித்த பொருளைப் பார்த்து முகம் மலரக் கூடாது. முகம் மலர்ந்தால் விலையும் மலரும். பிரவீனா உடனே வேப்பங்காயைக் கடித்தவள்போல் முகத்தை வைத்துக்கொண்டாள்.

“ரொம்ப வழுக்குதே அங்கிள். இழை இழையா வேற பிரியுது.”

“பிரியவே கூடாதுன்னா தேங்கா கயிறு வாங்கிக்கோ.”

“மேல எவ்ளோ தூசி பாருங்க” என்றாள் அம்மா. “யாரும் இத வாங்கறதில்ல போலக்கீது. வாடி, போலாம்.”

இருவரும் படி இறங்கினார்கள். கடைசிப் படிக்கு முன்பே, “யம்மா, வாங்க வாங்க!” என்று கடைக்காரர் கூப்பிட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து பின்ன உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, பேரத்துக்காகச் சொன்ன குறை அத்தனையும் நிஜம். நூல் இழை இழையாகப் பிரிந்தது. கூர்மூக்கு ஊசி பாதி இழையைப் பிடித்து, மீதியை விட்டது. வழவழப்பான இரும்பு ஊசியிலிருந்து கண்ணிகள் சறுக்கி விழுந்தன.

பிரவீனா அம்மாவின் கடையில் இருந்த குரோஷா ஊசிகளை எல்லாம் ஒவ்வொன்றாக முயன்று பார்த்தாள். மழுங்கிய மூக்குள்ள மர ஊசி ஒன்று சரியாக வந்தது. நூல் பிரியவில்லை, கண்ணியும் சறுக்கவில்லை.

“நூலு உன்னோடது. ஊசி கடையோடது” என்றாள் அம்மா. “வேலை முடிஞ்சதும் மரியாதையா அட்டைல போயி ஒக்காரணும்.”

“நானா, ஊசியா?”

“ரெண்டு பேரும்தான். ஊசி விக்கிற அட்டைல, நீ படிக்க.”

சாதாரணப் பின்னலாகப் பின்ன பிரவீனாவுக்கு மனம் வரவில்லை. இவ்வளவு அழகான நூலுக்கு அழகான டிசைன் வேண்டாமா? சுற்றிலும் சிப்பி சிப்பியாக வைத்தாள். சிப்பிகளுக்கு இடையே ஜன்னல்போல் இடைவெளி விட்டாள். முடித்ததும் தானே ஒருமுறை போட்டுக் கண்ணாடி பார்த்தாள். இன்னொரு முறையும் பார்த்தாள்.

மறுநாள் காலை இசக்கி அதைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினான். “ஏ பிள்ள! தலையில நுங்கு வெச்ச மாதிரி இருக்கு!”

அதன்மேல் ஹெல்மெட் சரியாக உட்கார்ந்தது. வார் ‘டக்’கென்று மாட்டியது. வாசலிலிருந்தே அப்படியே கிளம்பிப் போனான். அன்று பள்ளிக்கூடத்தில் பிரவீனாவின் வகுப்பில் தொப்பிக் கதை தெரியாத ஆள் யாருமே இல்லை.

சாயங்காலம் பைக் வரும் சத்தம் கேட்டு ஓடினாள். ஹெல்மெட் மறுபடி டேங்கின்மேல் இருந்தது. இசக்கியின் கையில் நீலமாக என்னவோ தொங்கியது.

“காலையில தொப்பியா இருந்துச்சு” என்றான் இசக்கி. “மத்தியானம் காத மூடுச்சு. ரிட்டர்ன் வரும்போது ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி எறங்குனேனா, பொத்துன்னு கண்ணு மேல எறங்கிட்டு! மெதுவா வந்ததால தப்பிச்சேன். விழுந்தா காப்பாத்தத்தான ஹெல்மெட்டு? இது விழ வெச்சிரும் போல!”

மாடியிலிருந்து ஆறுமுகநயினார் எட்டிப் பார்த்தான். “ஏல இசக்கி, அதத் தூரப் போட்டுராத. பூசணிக்கா வாங்கப் பை ஆச்சு!”

பிரவீனா தொப்பியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். தொப்பி வேர்வையில் நனைந்து கனமாக இருந்தது. தன் தலையில் மாட்டினாள். மூக்கு வரை இறங்கியது.

காலையில் சரியாக இருந்தது சாயங்காலத்துக்குள் எப்படி வளரும்? காலையில் அது காய்ந்திருந்தது. இப்போது நனைந்திருக்கிறது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு மீதி நூலை எடுத்தாள். உள்ளங்கை அளவில் இரண்டு துண்டு பின்னினாள். ஒன்றில் சிப்பி டிசைன். இன்னொன்றில் டிசைனே இல்லாத நெருக்கமான பின்னல். இரண்டையும் தண்ணீரில் முக்கிக் கொடியில் மாட்டினாள். இரண்டின் அடியிலும் ஒவ்வொரு பூட்டைத் தொங்கவிட்டாள்.

“துணி காயப் போடற கொடியில இன்னாடி பூட்டு?” என்றார் அப்பா. “திருடன் வந்தா எதத் தொறப்பான்?”

“சிப்பியத் தொறப்பான்பா. பாரு!”

சிப்பித் துண்டு நீளமாக இறங்கித் தொங்கியது. ஜன்னல்கள் எல்லாம் வாசல்களாகிவிட்டிருந்தன. நெருக்கமான துண்டு கொஞ்சமாகத்தான் நீண்டிருந்தது. அதைக் கழுவித் தட்டின்மேல் விரித்துக் காயவைத்தாள். அது கிட்டத்தட்டப் பழைய அளவுக்கே திரும்பிவிட்டது.

மூங்கில் நூலின் குணம் புரிந்துவிட்டது. குளிர்ச்சிதான், ஆனால் தண்ணீர் பட்டால் சோம்பேறி. இறுக்கிப் பிடிக்காவிட்டால் காலை நீட்டிப் படுத்துவிடும்.

புதிதாகப் பின்ன நூல் போதாது. சிப்பித் தொப்பியைப் பிரிப்பது ஒன்றுதான் வழி. பிரவீனா அதை மடியில் வைத்துச் சிப்பிகளை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

“எவ்ளோ அழகா கீது. இது இருக்கட்டுமேடி” என்றாள் அம்மா. “வேற நூலு வாங்கித் தரேன்.”

“வேற நூலு வரதுக்குள்ள ஒண்ணாந்தேதி வந்துரும்மா.”

முடிச்சை அவிழ்த்து இழுத்தாள். சிப்பிகள் படபடவென்று உதிர்ந்து வெறும் நூலாயின.

இந்த முறை இன்னும் மெல்லிய ஊசி. இசக்கியின் தலையை டேப்பால் அளந்து, அதைவிட ஒரு விரல் குறைவாகவே பின்னினாள். டிசைன் கிடையாது, ஜன்னல் கிடையாது. ஒவ்வொரு கண்ணியும் பக்கத்துக் கண்ணியை இடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்தது.

ஒன்றாம் தேதிக்கு முந்தின நாள் மாலை இசக்கியை வாசலில் நிறுத்தினாள். “அண்ணா, இது மூணாவது தடவை. குனி.”

குனிந்தான். தொப்பியை மாட்டிவிட்டு, ஒரு மக் தண்ணீரை அதன்மேல் ஊற்றினாள்.

“ஏ பிள்ள! இப்பத்தான குளிச்சேன்!”

“வேர்வைக்குப் பதிலா தண்ணி. இப்போ குதி.”

“குதிக்கணுமா?”

“ஸ்பீட் பிரேக்கர் அண்ணா. குதி!”

இசக்கி குதித்தான். தலையை இடமும் வலமும் உதறினான். தண்ணீர் நாலா பக்கமும் தெறித்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

மாடியிலிருந்து ஆறுமுகநயினாரின் குரல் வந்தது. “ஏல, யாருல ஒனக்கு எறங்கியிருக்கது? ஊருல கோயில் கொடைக்கு இன்னும் நாளு கெடக்கு. இங்கன சாமியாடுத!”

தெருவே சிரித்தது. பிரவீனா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கண் தொப்பியின் விளிம்பிலேயே இருந்தது. அது புருவத்துக்கு மேலே எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது. காதுக்கு மேலே எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது.

இசக்கி ஹெல்மெட்டைப் போட்டு வாரை மாட்டினான். மறுபடி குதித்தான். கழற்றினான். தலையைத் தடவிப் பார்த்தான்.

“அரிக்கல” என்றான் மெதுவாக. “அவியல. எறங்கவும் இல்ல.” பிறகு பிரவீனாவைப் பார்த்துக் கையை நீட்டினான். “பேச்சுன்னா பேச்சுதான் பிள்ள.”

பிரவீனா பெரிய மனுஷிபோல் கை குலுக்கினாள்.

ஒன்றாம் தேதி வண்டியின் சத்தத்துக்கு முன்னால் வார் மாட்டும் ‘டக்’ சத்தம் கேட்டது. மறுநாள் காலை ஷிஃப்ட் முடிந்து வந்தவன், தெருமுனை டீக்கடையில் ஹெல்மெட்டோடு டீயைக் குடிக்கப் போய், முகக் கண்ணாடியில் டம்ளரை இடித்துக்கொண்டான்.

“தலையில இருக்கதே தெரியல பிள்ள!” என்று சட்டையெல்லாம் டீயோடு வந்து சொன்னான். “லைன்ல சூப்பர்வைசரே கேட்டாரு, எங்க வாங்குனன்னு. எங்க வீட்டு ஓனர் மக பின்னுனது, கடையில கெடைக்காதுன்னு சொல்லிட்டேன்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆறுமுகநயினார் கடை வாசலில் வந்து நின்றான். தலையைச் சொறிந்தான். காலால் தரையில் கோடு போட்டான்.

“பிள்ள... எனக்கும் ஒண்ணு...”

“பூசணிக்கா வாங்கவா?” என்றாள் பிரவீனா.

“அத மறந்துரு. எனக்கும் ஒரு தொப்பி பின்னித் தாயேன்.”

“தரேன். உன் ஹெல்மெட் எங்க?”

“எனக்கு எதுக்கு ஹெல்மெட்டு? நான் யாரு வண்டியிலயாவது பின்னால உக்காந்து போறவன்.”

“அப்போ விழுந்தா முன்னாடி இருக்கறவன் மட்டும்தான் விழுவானா?”

ஆறுமுகநயினார் யோசித்தான். “சரி, தொப்பிய மொதல்ல குடு. ஹெல்மெட்டு அடுத்த மாசம் வாங்குதேன்.”

“அதெப்படி அண்ணா? ஹெல்மெட்டுக்குள்ள எடம் எவ்ளோன்னு பாக்காம நான் எப்படி பின்றது? மொதல்ல அது. அப்புறம்தான் நூலு.”

“கொஞ்சம் எறங்கி வா பிள்ள.”

“எறங்கினா தொப்பியும் எறங்கும்.”

ஆறுமுகநயினார் மாடியைப் பார்த்து, “ஏல இசக்கி! வண்டிச் சாவிய எடுத்துட்டு வா. ஸ்ரீபெரும்புதூர் வர போயிட்டு வருவோம்” என்று கத்தினான். திரும்பி வந்தபோது அவன் தலையில் புத்தம்புதுச் சிவப்பு ஹெல்மெட் மின்னியது. பிளாஸ்டிக் உறையைக்கூட அவன் இன்னும் பிரிக்கவில்லை.

கலைமணி கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டாள். “இத்தனை வருஷமா கடை வெச்சிருக்கேன். தொப்பி கேட்டு வந்தவனை ஹெல்மெட் வாங்க அனுப்பிட்டாளே! எம் பொண்ணு!”

பிரவீனா டேப்பை எடுத்துக்கொண்டு அளவெடுக்கப் போனாள். அன்று அவள் போட்டிருந்த சட்டையில் காலர் இல்லை. இருந்திருந்தால் தூக்கி விட்டுக்கொண்டிருப்பாள்.