பதினான்கு திருத்தங்கள்

லிஃப்ட் கதவு மூடப்போன கடைசி நொடியில் ஒரு கறுப்புக் குடை உள்ளே நுழைந்தது. பின்னாலேயே அதைப் பிடித்திருந்தவனும். குடையில் வழிந்த மழைத் தண்ணீர் மொத்தமும் அவள் கையிலிருந்த வரைபடச் சுருளில்...

"ஐயோ, டிராயிங்! குடையை மடக்குங்க சார்... கண்ணு தெரியலையா?"

"தெரியுது. உங்க கண்ணுதான் பெருசா, கோபமா தெரியுது."

"சாரின்னு ஒரு வார்த்தை இருக்கு. கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீங்க இடம் குடுத்தாத்தானே!"

சிரித்தான். இமைகளில் இன்னும் மழைத்துளி. அவள் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் லிஃப்டின் மூன்று பக்கமும் கண்ணாடி... எங்கே திரும்பினாலும் அவனேதான் நின்றான்!

ஆறாவது மாடியில் இருவரும் ஒன்றாக இறங்கியபோதுதான் தெரிந்தது, அவன் அவளுடைய அலுவலகத்துக்கு வந்திருக்கும் புதுப் பொறியாளன் என்று.

அவள் அங்கே ஏழு வருடமாகக் கட்டட வரைபடம் வரைகிறாள். இப்போது கையில் இருப்பது ஒரு மருத்துவமனையின் மாடிப்படி. சரிபார்க்கப் போன அந்த வரைபடம் மூன்றாம் நாள் அவனிடமிருந்து திரும்பி வந்தது. சிவப்பு மையில் பதினான்கு திருத்தங்கள்!

பக்கத்து மேஜைகளை எட்டிப் பார்த்தாள். மற்றவர்களின் வரைபடங்களில் வெறும் கையெழுத்து மட்டும். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. லிஃப்டில் திட்டியதற்குப் பழிவாங்குகிறானா? அன்றிலிருந்து பேச்சை நிறுத்தினாள். அவன் காலை வணக்கம் சொன்னால் கணினிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டாள்.

வீட்டில் அக்காவிடம் கொட்டித் தீர்த்தாள். அக்கா மருத்துவமனையில் நர்ஸ். வரைபடத்தை விரித்து நிதானமாகப் பார்த்தாள்.

"ஏன்டி, பதினாலு இடத்தைக் கண்டுபிடிக்கணும்னா இதை எவ்வளவு நேரம் பார்த்திருக்கணும்? உன்னை மட்டம் தட்ட நினைக்கிறவன் ஒரே ஒரு கோடு போட்டுத் தூக்கி எறிஞ்சிருப்பான்."

"நீ அவன் பக்கமா?"

"நான் நோயாளி பக்கம். லிஃப்ட் நின்னுபோன அன்னைக்கு இந்தப் படியில ஸ்ட்ரெச்சர் தூக்கப்போறது என்னை மாதிரி ஆளுங்கதான்."

அவளுக்குச் சுருக்கென்றது.

மறுநாள் நேராகக் கட்டட வேலை நடக்கும் இடத்துக்கே போனாள். அவள் வரைந்த அளவிலேயே பலகைகளால் படியும் சுவருமாக ஒரு மாதிரி எழுப்பியிருந்தார்கள். அவன் ஒரு காலி ஸ்ட்ரெச்சரை வைத்துக்கொண்டு படி திரும்பும் இடத்தில் அளந்துகொண்டிருந்தான். அவளைக் கண்டதும் ஸ்ட்ரெச்சரின் மறுமுனையைக் காட்டினான்.

"அந்தப் பக்கம் பிடிக்கிறீங்களா?"

பிடித்தாள். தூக்கினார்கள். திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் சுவரில் டமாரென்று முட்டி நின்றது. அவள் முகம் வெளுத்தது.

"நீங்க போட்ட திருத்தம் சரிதான்..." குரல் இறங்கியது. "ஆனா பின்சுவரைத் தள்ளச் சொல்லியிருக்கீங்களே, அது தப்பு. சன்னல் போயிடும். படியே இருட்டாயிடும்."

"வேற வழி?"

"கீழ வராந்தாவுல ஒரு அடி சும்மாதான் கிடக்கு. படியை அங்கிருந்தே ஆரம்பிச்சா திருப்பம் தானா அகலமாகும். சன்னலும் தப்பிக்கும்."

அவன் கீழே பார்த்தான். மேலே பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்...

"எனக்கு இது தோணவே இல்லைங்க."

ஏழு வருடத்தில் அந்த அலுவலகத்தில் யாரும் அவளிடம் சொல்லாத வார்த்தை அது.

மாற்றிய வரைபடத்தைப் பார்க்க மருத்துவமனைக் குழு கூடியது. மேலாளர் வழக்கம்போல அவனை விளக்கச் சொன்னார். அவன் எழுந்திருக்கவில்லை. "வரைஞ்சவங்க பேசட்டும் சார்."

அவள் எழுந்து வரைபடத்தை மேஜைமேல் விரித்தாள். முதல் வாக்கியத்தை மெதுவாகத்தான் தொடங்கினாள். பிறகு ஸ்ட்ரெச்சர் முட்டிய கதையை மறைக்காமல் சொன்னாள். தன் தப்பையும் சொன்னாள், அதை எப்படிச் சரிசெய்தாள் என்பதையும் சொன்னாள். பேசப்பேசக் குரல் நிமிர்ந்தது. குழுத் தலைவி நாற்காலியை முன்னே இழுத்துப்போட்டுக் கேட்டார்.

முடிந்ததும் கைதட்டல்! மேலாளர் அங்கேயே அறிவித்தார்: "மருத்துவமனையோட அடுத்த பிரிவுக் கட்டடத்தை முழுக்க வரையறது இவங்க பொறுப்பு."

வெளியே சாரல். வாசல் தூணருகே அவனை மடக்கினாள்.

"ஒண்ணு கேக்கணும். என் டிராயிங்ல மட்டும் ஏன் அத்தனை திருத்தம்?"

"மத்ததெல்லாம் முன்னாடியே கட்டினதோட நகல். பார்க்க ஒண்ணுமில்ல. உங்களோடது புதுசு. அவ்வளவு அழகா யோசிச்ச ஒண்ணு அரைகுறையா நிக்கக் கூடாதுன்னு..." தயங்கினான். "அப்புறம், உங்க மேஜைக்கு வர்றதுக்கு எனக்கு வேற சாக்கும் கிடைக்கல."

அவள் நெஞ்சில் ஏதோ ஒன்று மளமளவென்று உடைந்தது. இத்தனை நாள் இறுக்கிக் கட்டி வைத்திருந்த வீம்பாக இருக்கும்.

"ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க."

"எ... எதுக்கு?"

"அக்காகிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"என்ன விஷயம்?"

அவள் அந்தப் பெரிய கண்களை அவன்மேல் நிறுத்தினாள். இந்த முறை திருப்பிக்கொள்ளவில்லை.

"நான் கட்டிக்கப்போறவர் நீங்கதான்னு!"