சகலையின் அறுபது குதிரைகள்

அடுத்த வீட்டுக்காரன் வாழ்ந்தால் கண் மட்டும்தான் எரியும். சகலை வாழ்ந்தால் வயிறும் சேர்ந்து எரியும். பெரிய மாப்பிள்ளைக்கு மூன்று வாரமாக இரண்டுமே எரிந்துகொண்டிருந்தன. அதற்கு மருந்து தேடித்தான் அன்று காலை முத்திரையார் வீட்டுக் கதவைத் தட்டினார்.

தராசு, எடைக்கல், பெட்ரோல் பம்பு, டாக்ஸி மீட்டர் என்று அளக்கிற கருவிகளையெல்லாம் சோதித்து முத்திரை குத்திய அதிகாரி முத்திரையார். ஓய்வு பெற்ற பின்னும் அளவில் சந்தேகம் வந்தவர்கள் அவரிடம்தான் வருவார்கள். துணைக்கு மருமகள். அவள் ஏசி மெக்கானிக். எந்த வழக்கானாலும் முதல் ஐந்து நிமிடத்தில் குற்றவாளியைப் பிடித்துவிடத் துடிப்பவள்.

கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. அதில் மருமகளின் கருவிப் பை தொங்கியது. பெரிய மாப்பிள்ளை அந்தப் பையை எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டு, தம்முடைய தோல் ஜாக்கெட்டை ஆணியில் மாட்டினார். மருமகள் மாமனாரைப் பார்த்தாள். மாமனார் ஜாக்கெட்டைப் பார்த்தார்.

"எனக்கும் என் சகலைக்கும் ஒரே கார்," என்று தொடங்கினார் பெரிய மாப்பிள்ளை. "வேகமா போற செடான். நான் வாங்கின ரெண்டாவது மாசமே அவனும் வாங்கிட்டான். ஒரு டியூனர் இருக்காரு, வண்டியோட கம்ப்யூட்டர்ல புரோகிராமை மாத்தி சக்தியைக் கூட்டுறவரு. சகலை வண்டி முந்நூறு ஹார்ஸ்பவர்ல இருந்து முந்நூத்தி அறுபதுக்குப் போச்சு. அதைப் பார்த்துட்டு நானும் போனேன். அதே கடை, அதே புரோகிராம். எனக்கு முந்நூத்தி நாப்பதுதான். என்னோட இருபது குதிரை எங்க போச்சு?"

"மேயப் போயிருக்கும்," என்றாள் மருமகள்.

அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். "சாயங்காலம் எங்க கார் கிளப் கூட்டம். இந்த டியூனர் ஆள் பார்த்து அளக்கிற மோசடிக்காரன்னு இதைப் படிக்கப் போறேன். அப்புறம் ஒருத்தனும் அவர் கடைப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டான். நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"அளந்த தாள் இருக்கா?" என்று கேட்டார் முத்திரையார்.

பெரிய மாப்பிள்ளை தம்முடைய தாளைக் கொடுத்தார். சகலையின் தாளுக்குக் கைபேசியில் ஒரு புகைப்படம். "ஹால்ல சட்டம் போட்டு மாட்டியிருக்கான். எனக்குத் தண்ணி எடுக்க அவன் உள்ளே போனப்போ எடுத்தேன்."

மருமகள் படித்தாள். "உங்க வண்டி. புரோகிராம் மாத்துறதுக்கு முன்னாடி முந்நூறு, காத்தோட வெப்பம் இருபத்தொண்ணு டிகிரி. பின்னாடி முந்நூத்தி நாப்பது, இருபத்திரெண்டு டிகிரி. சகலை வண்டி. முன்னாடி முந்நூறு, இருபது டிகிரி. பின்னாடி முந்நூத்தி அறுபது, அம்பத்தெட்டு டிகிரி." சட்டென்று நிமிர்ந்தாள். "மாமா, ரெண்டு அளவும் ஒரே நாள் காலையில, அதுக்குள்ள அம்பத்தெட்டா? இட்லிப் பானைக்குள்ளயா அளந்தாங்க?"

"வா, கேட்டுட்டு வருவோம்," என்று எழுந்தார் முத்திரையார்.

பெரிய மாப்பிள்ளையின் காரிலேயே மூவரும் டியூனரின் பட்டறைக்குப் போனார்கள். அங்கே தரையோடு தரையாக இரண்டு உருளைகள். அவற்றின் மேல் சக்கரங்களை நிறுத்தி வண்டியை ஓட்டினால் கணினி சக்தியை அளந்து சொல்லும். எதிரே பெரிய மின்விசிறி, பக்கத்தில் ஒரு கொக்கி, கொக்கியில் கம்பியோடு தொங்கும், காற்றின் வெப்பத்தை அளக்கும் சிறிய சென்சார். சுவரில், 'அறுபது குதிரைத்திறன் கூடும்' என்று பலகை. டியூனர் ஒல்லியான மனிதர். கடிதத்தைப் பற்றிக் கேட்டதும் இன்னும் ஒல்லியானார்.

"ஐயா, பதினோரு வருஷம் கைகட்டி வேலை பார்த்துட்டு இப்பதான் சொந்தமா கடை போட்டேன். என் பேரு போச்சுன்னா கடையும் போச்சு."

மருமகள் சென்சாரைத் தொட்டாள். "சூடான காத்து லேசா இருக்கும், இன்ஜினுக்கு வலு குறையும். அந்தக் குறையை ஈடுகட்ட மெஷின் கொஞ்சம் கூட்டிப் போடும். சென்சாரைச் சூட்டுல வச்சா அறை சூடுன்னு நம்பி அது அள்ளி வீசும். இவர்தான் வச்சிருக்காரு மாமா, பலகையில எழுதணுமே."

"ஏமாத்துறவர்னா பெரிய மாப்பிள்ளைக்கும் அறுபது காட்டி அனுப்பியிருப்பாரேம்மா," என்றார் முத்திரையார். "அம்பத்தெட்டுன்னு தாள்ல அச்சடிச்சும் குடுத்திருக்க மாட்டார். தம்பி, சகலை வண்டியை அளந்தப்போ யார் யார் எங்க இருந்தீங்க?"

"நான் ஸ்டீயரிங்ல. அவர் பக்கத்து சீட்ல உட்கார்ந்து வீடியோ எடுத்தாரு. வெளியே..." டியூனர் பெரிய மாப்பிள்ளையைப் பார்த்துத் தயங்கினார். "வெளியே இவர் மட்டும்தான். முதல் ஓட்டம் முடிஞ்சப்புறம் வந்தாரு."

"சகலை வண்டியை அளக்கறப்போ நீங்க எதுக்கு வந்தீங்க?" என்று முத்திரையார் மெதுவாகக் கேட்டார்.

"சும்மா... பார்க்கலாம்னு." பெரிய மாப்பிள்ளைக்குக் காது சூடாயிற்று.

"ஜாக்கெட்டைக் கழட்டினீங்களா?"

அவர் கொக்கியைப் பார்த்தார். அன்று வந்த வேகத்தில் வேர்த்தது. அங்கே ஒரே ஒரு கொக்கி. அதில் ஏதோ கம்பி தொங்கியது. அழுக்குக் கம்பி புது ஜாக்கெட்டில் படக்கூடாதென்று அதை எடுத்து, திறந்திருந்த பானெட்டுக்குள் இன்ஜின் மேல் வைத்தார். கிளம்பும்போது ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு கம்பியைத் திரும்ப மாட்டிவிட்டார். இவ்வளவுதான். சகலை ஜெயிப்பதைப் பார்க்கச் சகிக்காமல், பார்க்காமலும் இருக்க முடியாமல் ஓடி வந்தவர், தம் கையாலேயே அவனுக்கு இருபது குதிரை கட்டிக்கொடுத்திருக்கிறார்.

"எங்க வீட்டு ஆணியில பையை நகர்த்தினீங்களே, அப்பவே தோணுச்சு," என்றார் முத்திரையார்.

சோதித்தே பார்த்தார்கள். பெரிய மாப்பிள்ளையின் காரை உருளையில் ஏற்றி, சென்சாரை இன்ஜின் மேல் வைத்து ஓட்டியதும் திரையில் முந்நூற்று அறுபது வந்து நின்றது. பொய்யென்று தெரிந்தும் அவர் மனம் ஒரு துள்ளுத் துள்ளியது. சென்சாரைக் கொக்கியில் மாட்டி ஓட்டியதும் முந்நூற்று நாற்பது.

டியூனர் தலை குனிந்தார். "அறுபதைப் பார்த்த சந்தோஷத்துல வெப்பத்தைப் பார்க்காம விட்டுட்டேன். தப்பு எனக்கும் உண்டு ஐயா." ஸ்டூலில் ஏறிப் பலகையில் 'அறுபது' என்பதைச் சுரண்டினார்.

"நாப்பது நிஜம்தானே, அதை எழுதுங்க," என்றாள் மருமகள், ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு. "நிஜத்துக்கும் ஆள் வரும்."

முத்திரையார் வெளியே போய் நின்றுகொண்டார். ஒரு மனிதன் தன்னைத் தானே நிறுக்கும்போது பக்கத்தில் யாரும் நிற்கக்கூடாது. அந்தத் தராசுக்குக் கடவுள் ஒருவரே சாட்சி என்பது அவர் நம்பிக்கை.

பெரிய மாப்பிள்ளை கடிதத்தை நான்காகக் கிழித்தார். சகலையின் வண்டியும் வெறும் நாற்பதுதான் என்று கிளப்பில் சொல்லிச் சிரிக்கலாமே என்று ஓர் ஆசை எட்டிப்பார்த்தது. அதை அடக்கிக்கொண்டு கைபேசியில் சகலையை அழைத்தார்.

"சொல்லுங்கண்ணே."

"உன் வண்டி முந்நூத்தி நாப்பதுதான்டா. தப்பு என்னோடது. நான்தான் தெரியாம சென்சாரைச் சூட்டுல வச்சுட்டேன். டியூனர் மேல ஒண்ணும் இல்ல."



"அப்பாடா," என்றான் சின்ன மாப்பிள்ளை. "அந்தத் தாளை மாட்டினதுல இருந்து நீங்க என்கிட்ட முகம் குடுத்தே பேசலண்ணே. கழட்டிடுறேன். நாளைக்கு அண்ணியைக் கூட்டிட்டுச் சாப்பிட வாங்க."

"வரேன்டா," என்றார் பெரிய மாப்பிள்ளை.

இத்தனை சுலபமாக விட்டுக்கொடுத்துவிட்டானே, இதிலும் தம்மை முந்திவிட்டானே என்று வயிறு மறுபடி லேசாக எரிந்தது. பொறாமைப்பட இதைவிட நல்ல காரணம் அவருக்கு அதுவரை கிடைத்ததில்லை.